கிழக்குச் சுவருக்கு ஒரு படம்

ஜனவரி 18, வியாழன்

புது ஃபிளாட்டின் சாவி இன்று கைக்கு வந்தது. பாளையங்கோட்டை, மூன்றாம் மாடி, வடக்கு வாசல். ஹாலின் கிழக்குச் சுவரில் ஜன்னலும் இல்லை, அலமாரியும் இல்லை. பதினோரு அடி நான்கு அங்குலம், வெறும் சுவர். அளந்து எழுதிக்கொண்டேன். "உள்ள வந்ததும் வெளக்கேத்தி ஒரு கும்பிடு போடாம டேப்ப நீட்டுதியளே" என்றாள் ஆவுடையம்மாள். குடிநீர் வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் குழாய்க்குக் குழி அளந்த புருஷன் வேறு எதை நீட்டுவான்?

பிப்ரவரி 11 ஞாயிறு கிரகப்பிரவேசம். காலை ஏழரை முதல் ஒன்பது வரை முகூர்த்தம். அதுவரை வாடகை வீட்டில் இருந்துகொண்டு தினமும் வந்து போக வேண்டியதுதான். அதற்குள் அந்தச் சுவருக்கு ஒரு படம் பார்க்க வேண்டும். நுழைந்ததும் கண்ணில் படுகிற இடம். பிள்ளை பேரன் படம் இருக்க வேண்டிய இடம் என்று நாலு பேருக்குத் தோன்றும். தோன்றினால் கேட்பார்கள்.

குடும்பம் என்று பார்த்தால் நானும் ஆவுடையும்தான். மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். ஆறு வருடங்களுக்கு முன் தானாக ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். வேறு சாதி. அண்ணன் சொன்னார், ஆற்றில் போய்த் தலைமுழுகிவிட்டேன். அவள் பெயரை இந்த டைரியில் எழுதுவதில்லை என்பது என் ஏற்பாடு. ஏற்பாட்டை மீறுவது எனக்குப் பிடிக்காது.

ஜனவரி 21, ஞாயிறு

ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார்.

"ஏல உலகு, கெழக்குச் செவுரு சும்மா கெடக்குன்னு சொன்னேல்லா? ஒண்ணும் வாங்கிராத. ஏழு குதிர படம் நான் கொண்டாறேன். அஞ்சடி. வாஸ்துக்கு நல்லது."

சரி அண்ணே என்றேன். எனக்குப் பதினோரு வயதில் அப்பா போய்விட்டார். அதன் பிறகு என்னைப் படிக்க வைத்தது அண்ணன் ஆறுமுகநயினார். அவர் பேச்சுக்கு நான் மறுபேச்சு பேசியதில்லை. உலகநாதன் என்றால் ஊரில் அண்ணன் சொல் தட்டாத தம்பி என்றுதான் பெயர்.

குதிரைகள் வாசலைப் பார்த்து ஓடக் கூடாதாம். ஓடினால் வீட்டில் இருப்பதெல்லாம் வெளியே ஓடிவிடுமாம். எங்கள் வீட்டில் ஓட வேண்டியது முன்பே ஓடிவிட்டது. இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். பேனாவில் எழுதியாயிற்று, இருக்கட்டும்.

ஜனவரி 23, செவ்வாய்

குளியலறைக் குழாயில் கசிவு. வாஷர் மாற்றினேன்.

குதிரைப் படம் விஷயத்தை ஆவுடையிடம் சொன்னேன். "இது வீடா, லாயமா?" என்றாள். ஆறு வருடமாக எதற்கும் வாய் திறக்காதவள் இதற்குத் திறக்கிறாள். பிறகு ஈரத்துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள். நான்கே துணி. இறங்கி வர முக்கால் மணி நேரம். வந்ததும், "வெள்ளிக்கிழமை ஒரு எடத்துல படமெல்லாம் வச்சிருக்காகளாம். கையால வரைஞ்சது. போய்ப் பாப்பமா?" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். "காத்துல வந்துது" என்றாள். இவளுக்கு மட்டும் மாடியில் அப்படியொரு காற்று வீசுகிறது.

ஜனவரி 26, வெள்ளி

ஓவியக் கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடையில் நாற்காலி போட்டு ஒரு பெண் பெயர்ப் பதிவேடு வைத்திருந்தாள். சுற்றிலும் தட்டி கட்டி முப்பது நாற்பது படங்கள். தாமரைக் குளம், கோபுரம், நாலைந்து பாட்டில்கள், முகமே இல்லாத பெண்கள். ஒன்றில் வெறும் சிவப்பு. அதன் முன்னால் ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். எதற்கு ஆட்டினார் என்று கேட்க நினைத்தேன், ஆவுடை முழங்கையால் இடித்தாள்.

"நீங்களே எடுங்க" என்றாள். "நான் ஒரு வார்த்த சொல்லமாட்டேன்."

சொல்லவும் இல்லை. நுழைவாயில் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை எழுதுகிற பையனை வாசலில் நின்று பார்க்கிற தாயைப் போல இருந்தது.

கடைசித் தட்டியில் ஒரு படம். மூன்றடிக்கு இரண்டடி. ஒரு நீளச் சுவர், காரை பெயர்ந்தது. விடிகிற நேரத்து வெளிச்சம், இன்னும் மஞ்சளாகவில்லை. ஓர் ஆள் முதுகைக் காட்டியபடி நின்று சுவரில் ஏதோ தேய்த்துக்கொண்டிருக்கிறான். காலடியில் நீல வாளி. பக்கத்தில் ஸ்டாண்டு போட்ட சைக்கிள். வலது ஓரத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்பாக ஒரு பட்டை. கையெழுத்துக்குப் பதில் மூலையில் சின்னதாக ஒரு மஞ்சள் பூ.

அதன் முன்னால் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கால் வலித்தது.

"இதுவே இருக்கட்டும்" என்றேன். ஆவுடை எழுந்து வந்தாள். "ஏன் இத எடுத்திய?" என்று கேட்டாள். வேலை செய்கிற மனுஷன், சும்மா உட்கார்ந்து புல்லாங்குழல் ஊதவில்லை, அதனால் பிடித்தது என்றேன். அவள் கண் கலங்கியிருந்தது. மண்டபத்தில் புழுக்கம்.

ஜனவரி 28, ஞாயிறு

படத்தை வாடகை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். பழுப்புத் தாளில் சுற்றியிருந்ததை முன்பக்கம் மட்டும் கிழித்தோம். துளையிட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து மாட்டினேன். கோணல் இல்லை. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. குதிரையைத் தெற்குச் சுவரில் மாட்டலாம். தெற்குச் சுவர் அப்பா அம்மா படத்துக்கு. சமையலறைப் பக்கம்? ஐந்தடிக் குதிரையைச் சமையலறையில் மாட்டினால் ஆவுடை அதற்கும் புல் போடச் சொல்வாள்.

ஜனவரி 30, செவ்வாய்

இன்று தரை துடைத்துவிட்டுச் சற்று உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன்.

வாளியின் கைப்பிடி அறுந்துபோய் தேங்காய்க்கயிறு கட்டியிருக்கிறது. ஊரில் எங்கள் வீட்டு வாளியும் அப்படித்தான். ஊரில் எல்லார் வீட்டு வாளியும் அப்படித்தான். சைக்கிளின் பின் மட்கார்டில் வெள்ளை அடித்து ஏதோ எண் எழுதியிருக்கிறது. வாரிய சைக்கிள்களுக்கு அப்படி அடிப்பது வழக்கம். மற்ற இலாகாக்களிலும் இருக்கலாம்.

அந்த ஆள் இடது கையால் தேய்க்கிறான். உலகத்தில் இடதுகைக்காரன் நான் ஒருவன்தானா?

ஜனவரி 31, புதன்

இன்று புது வீட்டுக்குப் போகவில்லை. இடுப்பு வலி.

பிப்ரவரி 2, வெள்ளி

கொக்கி தளர்ந்த மாதிரி இருந்தது. படத்தைக் கழற்றித் திருப்பினேன். பின்பக்கத் தாள் ஒரு மூலையில் பிரிந்திருந்தது. உள்ளே பென்சிலில் ஒரு வரி. "மேலத்தெரு, காலை 5.10."

எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்து. அந்த "ரு"வின் வாலை அப்படி இழுக்காதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 3, சனி

நேற்று தூங்கவில்லை. யாரும் படிக்காத டைரிதானே. எழுதிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் ஊரில் இருந்தோம். அவள் போன மூன்றாம் நாள் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாள். கண்ணீர் அஞ்சலி என்று தலைப்பு. தோற்றம் என்று அவள் பிறந்த நாள், மறைவு என்று அவள் கல்யாணம் செய்த நாள். ஊர் பூராவும் ஒட்ட இருநூறு அடிக்கப் போவதாகச் சொன்னார். செத்தவளுக்குத்தான் அஞ்சலி, நமக்கு அவள் செத்தவள் என்றார். "ஒரு படம் மட்டும் குடு."

பீரோவைத் திறந்து ஆல்பத்தை எடுத்தேன். ஒன்றில் முகத்தில் நிழல் விழுந்திருந்தது, அது அச்சில் கறுக்கும் என்று ஒதுக்கினேன். ஒன்றில் கண்ணை மூடியிருந்தாள். கடைசியில் பள்ளிக்கூடத்து ஓவியப் போட்டியில் முதல் பரிசுக் கோப்பையோடு நிற்கிற படத்தை எடுத்துக் கொடுத்தேன். கோப்பையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். அன்றைக்கும் வேலையைச் சுத்தமாகத்தான் செய்தேன்.

சாயங்காலம் ஒட்டிவிட்டார்கள். மறுநாள் காலை நாலு ஐம்பதுக்கு எழுந்து வாளியில் தண்ணீரும் கொத்தனார் கரணையும் எடுத்துக்கொண்டு மேலத்தெருவுக்குப் போனேன். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிர்ச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். நனைத்து நனைத்துச் சுரண்டினேன். நான்கு போயிற்று. ஐந்தாவதில் கை வைப்பதற்குள் பால்காரர் மணி கேட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எங்கே போனீர்கள் என்று ஆவுடை கேட்டாள். ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட என்றேன்.

விடிந்ததும் அண்ணன் கொதித்தார். மாப்பிள்ளைப் பையன் வீட்டார்தான் கிழித்தார்கள் என்று முடிவு கட்டி, அந்தப் பையனின் அப்பாவை, தையல்கடை வேலாண்டியை, அதே மேலத்தெரு நடுவில் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். சட்டையைப் பிடித்துத்தான் கேட்டார். கிழிக்கவில்லை என்று அந்த மனிதர் ஐந்தாறு முறை சொன்னார். நான் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றேன். கரணைக் கறை இன்னும் என் நகத்தில் இருந்தது. கையை மடக்கி வைத்துக்கொண்டேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. பிறகு இந்தப் படம் எப்படி? யார் பார்த்தார்கள்?

பிப்ரவரி 6, செவ்வாய்

அண்ணன் போன். சனிக்கிழமை மாலை வருகிறார். கூட வேனில் பதினெட்டுப் பேர்.

"சொந்தக்காரன் பூரா வாறான். அந்தக் கழுதயப் பத்தி யாரும் வாயத் தொறக்கப்பிடாது. ஒம் பொண்டாட்டிட்டயும் சொல்லி வையி."

சரி அண்ணே என்றேன். படத்தைப் பற்றி சொல்ல வாய் எடுத்தேன். வைத்துவிட்டார். அண்ணனுக்கு எழுபத்தொரு வயதிலும் கழுகுக்கண். அந்த மட்கார்டில் எழுதியிருக்கிற எண்ணைப் படித்தே விடுவார். அந்தச் சைக்கிளில் அவரே எத்தனை தடவை பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

பிப்ரவரி 8, வியாழன்

படத்தை இறக்கி, போர்வையில் சுற்றிப் படுக்கையறைப் பரண் மேல் வைத்துவிட்டேன். ஆவுடை பார்த்துக்கொண்டு நின்றாள். "அண்ணன் போனப்பொறவு மாட்டிக்கிடுவோம். ரெண்டு நாளுதான" என்றேன்.

"சரி" என்றாள்.

அவள் சண்டை போட்டால் பயமில்லை. சரி என்றால்தான் பயம்.

பிப்ரவரி 10, சனி

வாழைக்குலை இரண்டு, மாவிலை, பந்தக்கால் எல்லாம் வந்தாயிற்று. ஐயர் காலை ஐந்தரைக்கே வருகிறார்.

அண்ணன் வந்தார். குதிரைப் படத்தை நாலு பேர் தூக்கி வந்தார்கள். ஏழும் வெள்ளை, வாயில் நுரை. அதே ஆணியில் மாட்டினேன். ரசமட்டம் வைத்தேன். அண்ணன் தள்ளி நின்று பார்த்து, "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்றார். ஆவுடை காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். சிரித்த முகம். "நல்லா இருக்கா மதினி?" என்று யாரோ கேட்டதற்கு, "குதிரைக்கென்ன, நல்லாத்தான் ஓடுது" என்றாள்.

இந்த வீட்டில் நாளைக்கு ஒன்று நடக்கப் போகிறது. என்னவென்று தெரியவில்லை. தலைவலி.

பிப்ரவரி 11, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறு மணிக்கெல்லாம் கோமாதா கீழேயே சுற்றி வந்தாயிற்று. மாட்டை மூன்றாம் மாடிக்கு ஏற்ற முடியாது என்று காவலாளி சொல்லிவிட்டான். கணபதி ஹோமம் முடிந்தது. ஏழே முக்காலுக்கு ஐயர், "தம்பதிகள் மணையில வந்து ஒக்காருங்கோ" என்றார். நான் வேட்டியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து மணை காலி.

எட்டு மணி. "அம்மா எங்க?" என்றார் ஐயர். யாரோ போய்ப் பார்த்துவிட்டு வந்து, உள்ளே உட்கார்ந்திருக்கிறாள், வர மாட்டேன் என்கிறாள் என்று என் காதில் சொன்னார்கள். வீடு முழுக்கக் கூட்டம். பேச்சு நின்றுவிட்டது. புகை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

எழுந்து போனேன். படுக்கையறையில் ஆவுடை பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, எல்லாம் வைத்துக்கொண்டு பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்தினேன்.

"ஆவுடை, ஒம்பது மணியோட முகூர்த்தம் முடியுது."

"முடியட்டும்."

"ஊரே உக்காந்திருக்கு. பொண்டாட்டி இல்லாம நான் எப்படிச் சங்கல்பம் பண்ணுவேன்?"

"அந்தச் செவுத்துல எம் மவ படம் ஏறுனா நான் மணையில உக்காருதேன். இல்லன்னா ஒங்க அண்ணன உக்கார வச்சுக்கிடுங்க."

குரலைத் தாழ்த்து என்றேன். அவள் தாழ்த்தவில்லை. உயர்த்தவும் இல்லை.

"அன்னைக்கு நீங்க ஆல்பத்தப் புரட்டிப் புரட்டிப் பாத்திய. நான் அடுக்களைல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பரிசு வாங்குன படத்தத் தேடி எடுத்துக் குடுத்திய. தூக்குக்கு ஆள் புடிச்சுக் குடுக்கிற மாதிரி."

"ஆவுடை."

"கிழிச்சது நீங்கன்னு எனக்குத் தெரியாது. இந்தப் படத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன? இந்த ஆறு வருசமும் நான் ஒரு மனுசனோட இருக்கேன்னு நெனச்சு இருந்திருப்பேன்லா."

பரணை நிமிர்ந்து பார்த்தேன்.

"அவ உங்கள மன்னிச்சுட்டாளான்னு எனக்குத் தெரியாது" என்றாள். "நான் மன்னிக்கல."

எட்டு இருபது. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பரணிலிருந்து படத்தை இறக்கினேன். போர்வையைப் பிரித்தேன். கதவைத் திறந்தது அவள்தான்.

ஹாலில் ஸ்டூலைக் கிழக்குச் சுவரை ஒட்டிப் போட்டு ஏறினேன். விழுந்துவிடக் கூடாது, அது மட்டும்தான் மனதில் இருந்தது. குதிரைப் படத்தைத் தனியாளாகக் கழற்றிக் கீழே இறக்கிச் சாய்த்தேன்.

"ஏல, என்ன செய்யுத?" என்றார் அண்ணன். "நல்ல நேரத்துல மாட்டுன படத்த எறக்குதியே, கிறுக்குப் புடிச்சிருக்கா?"

படத்தை ஆணியில் மாட்டினேன். ரசமட்டம் வைக்கவில்லை. இறங்கினேன்.

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து கிட்டே வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். சுவரைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், சைக்கிளில் அப்படியே நின்றுவிட்டார்.

"இது நம்ம மேலத்தெருல்லா." யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இது நீயால?"

"நாந்தாண்ணே."

"அன்னைக்குக் கிழிச்சது?"

"நாந்தான்."

"வேலாண்டியச் சட்டையப் புடிச்சனேல. நீ எம் பக்கத்துல நின்னியே."

"ஆமாண்ணே. நின்னேன்."

அறுபது பேர் இருந்திருப்பார்கள். ஹோம குண்டத்தில் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது.

"இத வரைஞ்சது யாரு?"

அண்ணனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். சொல்ல மாட்டேன் என்ற தைரியம். ஐம்பது வருடத் தைரியம் அது, அவரைக் குறை சொல்ல முடியாது.

"எம் மவ" என்றேன். "செண்பகவல்லி."

அந்தப் பெயர் வாயில் பழக்கமில்லாமல் வந்தது. பின்னால் ஆவுடை மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மூலையில் இருக்கிற மஞ்சள் பூ செண்பகப்பூ என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினாறு நாளாகப் பார்க்கிறேன்.

"உன்னப் படிக்க வச்சேன்ல நான்" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே."

வேறு என்ன சொல்வது? அது உண்மை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கூட ஒன்பது பத்துப் பேர் போனார்கள். மீதிப் பேர் இருந்தார்கள். கீழே பந்தியில் இலை போட்டாயிற்று என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். குதிரைகளை எடுத்துப் போக யாரும் இல்லை. லிஃப்ட் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்திருக்கிறார்கள், வாசலைப் பார்த்து.

"இன்னும் பன்னண்டு நிமிஷம் இருக்கு" என்றார் ஐயர்.

ஆவுடை வந்து மணையில் உட்கார்ந்தாள். என் தோளில் அவள் தோள் படவில்லை. மந்திரம் சொன்னோம். பால் பொங்கியது.

பிப்ரவரி 12, திங்கள்

மத்தியானம் ஆவுடை போனை நீட்டினாள். "பேசுங்க" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். இனிமேல் அவள் அங்கே போகத் தேவையில்லை. ஆனாலும் போனாள்.

மூன்றடிக்கு இரண்டடிப் படத்துக்கு ஆணி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"உங்க கண்ணு மட்டத்துக்குப்பா" என்றாள்.

எங்கே இருந்து பார்த்தாள் என்று கேட்டேன். "துணிமணி எடுக்க ராத்திரியோட ராத்திரியா அவுக வீட்டுக்கு வந்துட்டு, அஞ்சே கால் பஸ்ல உக்காந்திருந்தோம். வண்டி எடுக்கல, உள்ள லைட்டும் போடல. நீங்க சைக்கிள்ல வந்திய. அடிக்கத்தான் வாறீங்கன்னு நெனச்சு நான் சீட்டுக்குக் கீழ குனிஞ்சுட்டேன்."

பிறகு நிமிர்ந்து பார்த்திருக்கிறாள்.

"நல்லா வரைஞ்சிருக்க" என்றேன். "அந்த வலது ஓரத்துல கறுப்பா ஒரு பட்ட. அது மட்டும் வெளங்கல. நெழலா?"

"இல்லப்பா. அது அஞ்சாவது போஸ்டர். அதோட பார்டர்."

எழுந்து போய்ப் படத்தின் முன்னால் நின்றேன்.

"நாலு கிழிச்சிய. அத நான் மறக்கல. அஞ்சாவதையும் மறக்க முடியல. மாமாவ நடுத்தெருவுல வச்சுக் கேட்டப்போ நீங்க நின்னத அவுக எங்ககிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. வேற ஆளு சொல்லித்தான் தெரியும்."

மாமா என்று அவள் சொன்னது வேலாண்டியை. இருபத்தாறாம் தேதியிலிருந்து அந்தப் பட்டையைப் பார்க்கிறேன். ஃபிரேமின் நிழல் என்று நினைத்து ஒருநாள் துணியால் துடைத்துக்கூடப் பார்த்தேன்.

பிப்ரவரி 14, புதன்

நாளைக் காலை ஊருக்குப் பஸ். ஆவுடை துணைக்கு வரவா என்றாள். வேண்டாம் என்றேன். புளிச்சோறு கட்டி வைத்திருக்கிறாள். "வாளியும் எடுத்துக்கிடுங்க" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

பிப்ரவரி 15, வியாழன்

பத்தரை மணிக்கு ஊரில் இறங்கினேன். அண்ணன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். திண்டுக்கு முண்டாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது.

வேலாண்டி கடையில் இருந்தார். தையல் மிஷினில் ஒரு பள்ளிக்கூடச் சட்டை. என்னைப் பார்த்ததும் காலை நிறுத்தினார். எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. தலை பூரா நரைத்துவிட்டது.

வழியெல்லாம் கோத்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. "அன்னைக்கு அந்த நோட்டீஸக் கிழிச்சது நான்தான்" என்றேன். "தெரிஞ்சும் பேசாம நின்னேன். உங்ககிட்டச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். மன்னிக்கணும்."

அவர் ஊசியில் நூலைக் கோத்தார். ஒரு தடவை தவறி, இரண்டாம் தடவை கோத்தார்.

"இங்க வச்சுச் சொல்லுதிய" என்றார். "கடைக்குள்ள. நானும் நீங்களும்."

"ஆமா."

"என்ன எங்க வச்சுக் கேட்டாக?"

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். கடையைப் பூட்டவில்லை. முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். மேலத்தெருவில் அந்தச் சுவருக்கு இப்போது பச்சை அடித்திருக்கிறார்கள். பஸ்ஸுக்கு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். டீக்கடையில் ஒரு கூட்டம், எனக்குத் தெரிந்த முகங்கள், அன்றைக்கும் இருந்த முகங்கள். வேலாண்டி சரியாக அன்று நின்ற இடத்தில் போய் நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

"இங்க" என்றார்.

சொன்னேன். போஸ்டரைக் கிழித்தது நான், இவர் இல்லை, இவர் வீட்டில் யாரும் இல்லை. படத்தை எடுத்துக் கொடுத்ததும் நான். பொய்யென்று தெரிந்தே பக்கத்தில் நின்றதும் நான். டீக்கடையில் ரேடியோவைக் குறைத்தார்கள்.

வேலாண்டி டீக்கடைப் பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அங்க இருக்கவுகளுக்குக் கேட்டிருக்காது" என்றார்.

மறுபடி சொன்னேன்.